வெயில் பட்ட பக்கம்

மீட்டர்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், வீட்டு வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்காக ஏணியை எடுத்து நிறுத்தினார்.

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவர். கேட்டைத் தட்டுவார், சுவரோரம் குந்தி உட்காருவார், கண்ணாடி மூடியைத் துடைத்து எண்ணை எழுதிக்கொண்டு எழுந்து போய்விடுவார். எந்த வீட்டுச் சுவரில் எங்கே விரிசல், எந்த வீட்டில் எப்போது கடைசியாக வெள்ளை அடித்தார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். சொந்த வீட்டுச் சுவரைத்தான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அது வாங்கும்போதே பழுப்பு நிறமாக இருந்த வீடு. ஒரே தளம். முன்னால் இரண்டு ஜன்னல், நடுவில் கதவு. நேர் எதிரே ஒரு பஸ் நிறுத்தம். பின்னால், சமையலறைக் கதவைத் திறந்தால் பலகை அடித்த மரத்தளம் ஒன்று. வெயிலிலும் மழையிலும் கிடந்து அது சாம்பல் பூத்துப்போயிருந்தது. வெறுங்காலோடு நடந்தால் சிராய் ஏறும்.

"காபித்தூள் கலர் வீடு" என்பாள் மனைவி. அவள் துணிக்கடை ஒன்றில் ஆல்டரேஷன் தையல் வேலை பார்த்தவள். ஒருநாள் கைப்பையிலிருந்து வெளிர் நீல நூல்கண்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தை விட்டுக் கலக்கினால் வருமே, அந்த நிறம்.

"என்னங்க, இந்தக் கலர்ல நம்ம வீடு இருந்தா எப்படி இருக்கும்?"

"பார்க்கலாம்" என்றார் அவர்.

அது நடந்து பதினெட்டு வருஷம் இருக்கும். அதற்குப் பிறகு மாதம் இரண்டு முறையாவது அவள் கேட்டிருப்பாள். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காரும்போது, "எப்பங்க பெயின்ட் அடிக்கப் போறீங்க?" என்பாள். "பார்க்கலாம்" என்பார். மனுஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். "ம்", "ஆச்சு", "பார்க்கலாம்" என்று மூன்றே வார்த்தையில் குடும்பம் நடத்தினார் என்று சொல்லலாம். கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்வார்கள்: "மீட்டராவது மாசத்துக்கு ஒரு தடவை வாயைத் திறந்து ஒரு நம்பர் சொல்லுது. நீ அதுகூடச் சொல்ல மாட்டேங்குறியே!"

ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு மாதம் முன்பே மனைவி வேலையை விட்டிருந்தாள். கண் வலிக்கிறது என்றாள். துணிக்கடைக்கார அம்மா ஒருநாள் வழியில் அவரைப் பார்த்து, "அக்கா ரெண்டு பேரோட பேன்ட்டை மாத்திட்டாங்க சார். நெட்டையா இருக்கிறவருக்குக் காலை வெட்டிட்டாங்க, குள்ளமா இருக்கிறவருக்கு அப்படியே விட்டுட்டாங்க" என்று சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு வந்தார். வீட்டில் அதைப் பற்றிக் கேட்கவில்லை. உப்பு இரண்டு முறை விழுந்த நாட்களிலும் கேட்கவில்லை. பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்.

கடைசி நாள் அலுவலகத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் தையல் டப்பாவைத் திறந்து அந்த நீல நூல்கண்டைத் தேடி எடுத்தார். மறுநாள் பெயின்ட் கடைக்குப் போனார்.

பெயின்ட் கடைக்காரர் நூல்கண்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நூலைக் காட்டி வீட்டுக்குக் கலர் கலக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் சார். வீட்டம்மா ஆர்டரா?"

"ம்."

"அப்ப சரியா வந்தே ஆகணும்" என்று சொல்லி, மூன்று முறை கலக்கி, மூன்று முறை அட்டையில் தடவி, விசிறியில் உலர்த்திக் காட்டினார். மூன்றாவது அட்டையின் மேல் நூல்கண்டை வைத்தபோது நூல் இருக்கும் இடமே தெரியவில்லை.

வேலை பதினொரு நாள் பிடித்தது. ஆளை வைத்துச் செய்திருந்தால் நாலு நாள். ஆனால் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம். முதலில் குழாயால் பீய்ச்சிச் சுவரைக் கழுவினார். உரிந்துகொண்டிருந்த பழைய பெயின்ட்டைத் தகடு வைத்துச் சுரண்டினார். செதில் செதிலாக உதிர்ந்ததைக் கூட்டி ஒரு சாக்கில் கட்டிக் கொல்லையில் போட்டார். விரிசல்களில் பட்டி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். பிரைமர் ஒரு தடவை, நீலம் இரண்டு தடவை. ஜன்னல் ஓரங்களில் டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சின்ன பிரஷ்ஷால் கோடு இழுத்தார். மனைவி கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். டீ கொண்டுவந்து தருவாள். அதிகம் பேசவில்லை. மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாக மரத்தளம். கழுவி இரண்டு நாள் காயவிட்டு, பலகையின் ரேகை போகிற போக்கிலேயே தேய்த்தார். சாம்பல் போய் மரம் வெளியே வந்தது. தேன் நிறச் சாயத்தை ஒவ்வொரு பலகையாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் பூசி, மரம் குடித்தது போக மிச்சத்தைப் பழந்துணியால் துடைத்தெடுத்தார். அந்தத் துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று கடைக்காரர் இரண்டு தடவை எச்சரித்திருந்தார். அதனால் ஒவ்வொன்றாக விரித்துக் கம்பியில் காயப்போட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மனைவி பையை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கக் கிளம்பினாள். கடை தெருமுனையில். போய்வரப் பத்து நிமிஷம். அவர் முன்வாசலில் உட்கார்ந்து தின்னரில் பிரஷ்களை அலசிக்கொண்டிருந்தார்.

அரை மணி கழித்து நிமிர்ந்தபோது எதிர்ப்பக்க நடைபாதையில் அவள் போவது தெரிந்தது. வீட்டைப் பார்த்தாள். நிற்காமல் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். மறுபடியும் பார்த்தாள், மறுபடியும் போனாள். தூரத்திலிருந்து அழகு பார்க்கிறாள் என்று நினைத்து அவருக்கு உள்ளுக்குள் பூரித்தது. மூன்றாம் முறை வந்தபோது கையை ஆட்டினார். அவள் தெருவைக் கடந்து வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"சார், இந்த இடத்துல காபித்தூள் கலர்ல ஒரு வீடு இருந்துச்சே. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சிரித்தார். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். பதிலுக்கு விளையாட வேண்டும் என்றுகூடத் தோன்றியது. "தெரியலையேம்மா, நான் வேலைக்கு வந்த ஆள்" என்றார்.

"எங்க வீடு சார் அது. காலையில இருந்துச்சு."

அப்போதுதான் கண்களைப் பார்த்தார். ரொட்டிப் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். முகத்தில் தெறித்திருந்த நீலப் புள்ளிகளைச் சட்டைக் கையால் துடைத்தார்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, நீங்களா? பெயின்ட்காரர் மாதிரியே இருக்கீங்க!" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். தொப்பியும் பெயின்ட்டும் சேர்ந்து செய்த வேலை என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் அப்படி விட்டுவிட முடியவில்லை. காலையில் போனவள் மதியம் ஆகியும் வரவில்லை. ரொட்டிக் கடையில் இல்லை, துணிக்கடையில் இல்லை. வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குத் திரும்பியபோது எதிரே பஸ் வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைக்காமல் இறங்கி, அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"சார், இவங்க உங்க வீட்டம்மாதானே? உங்களோட பார்த்த ஞாபகம். காலையில இருந்து ரெண்டு டிரிப் அடிச்சுட்டாங்க. எங்கேம்மா இறங்கணும்னு கேட்டா, காபித்தூள் கலர் வீட்டுக்கு எதிர்ல இறக்கி விடுங்கங்கறாங்க. நானும் அந்தக் கலர்ல வீட்டைத் தேடிக்கிட்டே ஓட்டினேன்."

மனைவி டிரைவருக்கு நன்றி சொன்னாள். வீட்டைப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு வைத்தாள். அவர் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். வாசலைத் தாண்டி உள்ளே வந்து, தன் தையல் மெஷினைப் பார்த்த பிறகுதான் அவள் மூச்சு சீரானது. வீட்டுக்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. சர்க்கரை டப்பா எங்கே, தீப்பெட்டி எங்கே என்று கை தானாகப் போயிற்று. வெளியேதான் வீடு காணாமல் போயிருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சோதித்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு, "ரிட்டயர் ஆனவங்க வீட்டுல கிழமை எதுக்கு டாக்டர்?" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்தாள். பிறகு ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டத்தை அழகாக வரைந்தாள். எண்கள் பன்னிரண்டையும் ஒரே பக்கமாக, பஸ் கூட்டம் மாதிரி நெருக்கி எழுதினாள். வாழ்நாள் முழுக்க வட்டத்துக்குள் எண்களைப் பார்த்தே பிழைத்தவர் மீட்டர்காரர். அந்தத் தாளை அவரால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னார். இது கொஞ்ச நாளாகவே இருந்திருக்கும் என்றார். மாத்திரை எழுதினார். "முக்கியமா ஒண்ணு. பழகின எதையும் மாத்தாதீங்க. சாமான் சட்டி இருந்த இடத்துலயே இருக்கட்டும். பழகின வீடுதான் இப்ப அவங்களுக்கு ஞாபகசக்தி."

அவர் கேட்டார்: "வீட்டுக்கு வெளிய... பெயின்ட் கலர் மாத்தினா?"

"அடிக்கலாம்னு இருக்கீங்களா? இப்போதைக்கு வேண்டாமே" என்றார் டாக்டரம்மா.

அவர் தலையாட்டிவிட்டு வந்தார்.

அன்று மாலை கொல்லையில் கிடந்த சாக்கை அவிழ்த்து, உதிர்ந்த செதில்களில் பெரிதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். மறுநாள் துணிக்கடைக்கார அம்மாவை வந்து மனைவியோடு உட்காரச் சொல்லிவிட்டுப் பெயின்ட் கடைக்குப் போனார்.

கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நீலம் அடிச்சு ஒரு மாசம் ஆகலையே சார். உரியுதா? வெளுத்துப்போச்சா?"

"இல்லை."

"வீட்டம்மாவுக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு."

"பழைய கலரை எடுத்துட்டுப் புதுசு அடிப்பாங்க. புதுசு மேல பழசை அடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை" என்று முணுமுணுத்தபடி கடைக்காரர் செதிலை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். "இதுல ரெண்டு கலர் இருக்கே. சுவரோட ஒட்டியிருந்த பக்கம் நல்ல பழுப்பு, அடிச்ச அன்னைக்கு இருந்த மாதிரி. இந்தப் பக்கம் வெயில் பட்டு வெளிறிப்போயிருக்கு. எது வேணும்? எல்லாரும் வெயில் படாத பக்கத்தைப் பார்த்துத்தான் கலக்கச் சொல்லுவாங்க."

"வெயில் பட்ட பக்கம்" என்றார் மீட்டர்காரர். பிறகு, எதற்கென்று தெரியாமல், "அவ அதைத்தான் பார்த்திருக்கா" என்றார். அந்தக் கடையில் அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். கடைக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கலக்க ஆரம்பித்தார். நாலு முறை கலக்கினார். புது பெயின்ட்டை இருபது வருஷம் பழசாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை.

முன்சுவருக்கு மட்டும் அடித்தார். தெருவிலிருந்து பார்த்தால் தெரிவது அதுதானே. மனைவி முன்போலவே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க மறுபடியும் அடிக்கிறீங்க? அந்த நீலம் நல்லா இருந்துச்சே."

அவர் ரோலரை நிறுத்தினார். சொல்லலாமா என்று நினைத்தார். என்னவென்று சொல்வது? "ஒட்டலை" என்றார். திரும்பி வேலையைப் பார்த்தார்.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மீட்டர்காரருக்கு ரிட்டயர் ஆனதும் மூளை குழம்பிவிட்டது என்று ரொட்டிக் கடையில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிய மகளும் அதையே சொன்னாள். அவள் விமானத்தில் போகிற தூரத்தில் இருந்தாள்.

"அப்பா, முன்னாடி பழுப்பு, பக்கவாட்டுல நீலம்! என்னப்பா இது?"

"அம்மாவுக்காக" என்றார். இரண்டு வாரமாக அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். "அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி..."

"அம்மாவுக்கா? போனைக் கொடுங்க."

மனைவி போனை வாங்கினாள். பேத்தியின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மகள் போட்டிருந்த சட்டையின் தோள்தையல் இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "உங்க அப்பாவுக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேங்குது. விட்டா எனக்கும் ஒரு கோட்டிங் அடிச்சிடுவார்" என்றாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். போன் திரும்பக் கைக்கு வந்தபோது, "அப்பா, அம்மா நல்லாத்தான் இருக்காங்க. நீங்கதான் டாக்டரைப் பார்க்கணும்" என்றாள். போனை வைத்த பிறகு மனைவி அவரைப் பார்த்து, "யாருங்க அந்தப் பொண்ணு? நல்லாப் பேசுது" என்றாள்.

அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, வெறுமனே கையைக் கழுவிக்கொண்டு நின்றார்.

பழுப்புச் சுவர் வேலை செய்தது. இரண்டு மாதம் போல அவள் தனியாக ரொட்டிக் கடைக்குப் போய், தனியாகத் திரும்பி வந்தாள். அவர் தூரத்தில் பின்னாலேயே போவார். கேட்டைத் திறந்து வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தபின் சுற்றிக்கொண்டு வருவார். ஆனால் வீட்டுக்குள் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. "என்னங்க" என்பாள். அவர் நிமிர்வார். சொல்ல வந்தது மறந்திருக்கும். தையல் மெஷின் முன்னால் நூல் கோக்காமல் உட்கார்ந்திருப்பாள். பேச ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தான் பேசாமல் இருந்தது வேறு, பேச்சுக் காதில் விழாமல் இருப்பது வேறு என்று தெரிந்தது.

ஒருநாள் மதியம் அவர் மரத்தளத்தின் கைப்பிடிக்கு இரண்டாவது பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவு திறந்தது. மனைவி வெளியே வந்து, நீலச் சுவரைப் பார்த்தாள், தேன் நிறப் பலகையைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தை அவர் மாற்றியிருக்கவில்லை. தெருவிலிருந்து தெரியாததுதானே என்று விட்டிருந்தார்.

"உட்காரலாமா சார்?" என்றாள்.

அன்று தொப்பி இல்லை. முகத்தில் பெயின்ட் இல்லை. "உட்காருங்க" என்றார்.

அவள் கூச்சத்தோடு நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நல்ல கலரா அடிச்சிருக்கீங்க. எங்க வீட்டுக்கும் இதே கலர்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"யார்கிட்ட?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட. மீட்டர் பார்க்கிறவர். உங்க வீட்டுக்குக்கூட வந்திருப்பாரே?"

"வந்திருக்கார்."

"பேசவே மாட்டாரே! அவர்தான். கெட்டவர் இல்லை சார். கையை நீட்டினதில்லை, ஒரு கெட்ட பழக்கம் இல்லை. பேச மாட்டார், அவ்வளவுதான். கல்யாணமான புதுசுல எனக்கு அழுகையா வரும். அப்புறம் பழகிடுச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு அந்த பெயின்ட்டு மேல அப்படி ஒண்ணும் ஆசை கிடையாது. காபித்தூள் கலரே நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைக் கேட்டா 'பார்க்கலாம்'னு ஒரு வார்த்தையாவது வரும். வேற எதைக் கேட்டாலும் 'ம்'தான். அதான் விடாம கேட்டுக்கிட்டே இருப்பேன்."

அவர் பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்தார். அது உருண்டு பலகையில் விழுந்தது. புதுப் பூச்சின் மேல் கறை பரவியது. உடனே துடைத்தால் போய்விடும் என்று தெரியும். துடைக்கவில்லை.

"உங்க வீட்டுல யாரும் இல்லையா சார்?" என்று அவள் கேட்டாள்.

"இருக்காங்க" என்றார். அப்புறம் மனைவியைப் பற்றிச் சொன்னார். தையல் தெரிந்தவள், நூறு நீலத்தில் ஒரு நீலத்தைப் பிரித்துச் சொல்வாள் என்றார். கல்யாணமான முதல் வருஷம் அவர் சட்டைப் பையில் அவள் ஒரு சின்ன உள்பை வைத்துத் தைத்தாள், மீட்டர் குறிக்கிற பென்சில் தொலையாமல் இருக்க. அந்தச் சட்டை கிழிந்த பிறகும் பையை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறார். இதை அவளிடம் சொன்னதே இல்லை. முப்பது வருஷத்தில் மனைவியிடம் பேசாததை எல்லாம், தன்னை அடையாளம் தெரியாத ஒரு பெண்ணிடம் ஒரு மணி நேரமாகப் பேசினார்.

"பாருங்க, எவ்வளவு நல்லாப் பேசறீங்க! கொடுத்து வெச்சவங்க உங்க வீட்டம்மா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். "நேரமாச்சு. அவர் வந்துடுவார்." சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனாள். ஐந்து நிமிஷம் கழித்து அவரும் உள்ளே போனார். "என்னங்க, டீ போடட்டுமா?" என்றாள்.

"போடு" என்றார். அதோடு நிறுத்தாமல், "ரெண்டு பேரும் சேர்ந்தே குடிக்கலாம். அந்தப் பென்சில் பை ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று கேட்டார்.

அவள் அவரை வெறுமையாகப் பார்த்தாள். அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மதிய வேளைகளில் அவர் மரத்தளத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். சில நாள் அவள் வருவாள், சில நாள் வரமாட்டாள். வந்தால் "சார்" என்பாள், பேசுவாள். வீட்டுக்குள் "என்னங்க" என்பாள், பேசமாட்டாள். இந்த இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைக்க அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். வீட்டுக்குள் அதே கதைகளைச் சொன்னார். வெளியே, "நான்தான் உன் வீட்டுக்காரர்" என்று ஒருமுறை சொன்னார். அவள் பயந்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை.

கோடை விடுமுறைக்கு மகள் வந்தாள். இரண்டு நாள் அம்மா சமாளித்துவிட்டாள். மூன்றாம் நாள் மரத்தளத்தில் மகளைப் பார்த்து, "நீங்க இந்த வீட்டுப் பொண்ணாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "நான்தான்பா நம்பலை" என்றாள். எங்களோடு வந்து இருங்கள் என்றாள். புது வீடு அம்மாவுக்கு ஆகாது என்று அவர் சொன்னார். இப்போது அவர் எதையும் விளக்கமாகச் சொல்லப் பழகியிருந்தார்.

"அப்போ பின்பக்கத்தையும் பழுப்பா மாத்திடலாம்பா. நானும் சேர்ந்து அடிக்கிறேன். வீடு முழுக்க ஒரே மாதிரி இருந்தா அவங்களுக்கு உங்களைத் தெரியும்ல?"

அந்த எண்ணம் அவருக்கும் வந்திருந்தது. கடையில் சொல்லி நாலு டப்பா பழுப்புகூடக் கலக்கி வைத்திருந்தார்.

"வேண்டாம்" என்றார் கடைசியில். "அங்கதான் அவ பேசறா."

மகள் ஊருக்குப் போன பிறகு மழை தொடங்கியது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. மரத்தளத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. சாயம் நன்றாகப் பிடித்திருந்தது. மனைவி அந்த ஐந்து நாளும் கட்டிலை விட்டு அதிகம் இறங்கவில்லை. ஆறாம் நாள் வெயில் வந்தது. அவர் பலகைகளைத் துடைத்து, இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். மூன்று மணிக்கு அவள் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடை தளர்ந்திருந்தது. அவர் எழுந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவள் "சார்" என்றும் சொல்லவில்லை, "என்னங்க" என்றும் சொல்லவில்லை. நனைந்த வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பேச ஆரம்பித்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் நாய் துரத்தியதைச் சொன்னார். மீட்டர் குழிக்குள் இறங்கித் தப்பித்ததையும், நாய் குழி விளிம்பிலேயே படுத்துக்கொண்டதையும், சாயங்காலம் வீட்டுக்காரர் வரும்வரை உள்ளேயே உட்கார்ந்து அதே மீட்டரை எட்டு முறை குறித்ததையும் சொன்னார். அவள் சிரித்தாளா என்று பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. வெயில் அவள் மடிக்கு வந்தது. நாற்காலியைச் சற்று நிழலுக்கு நகர்த்திவிட்டு, அவர் அடுத்த வீட்டுக் கதையை எடுத்தார்.